மஞ்சள் மண்டபத்தில் வெள்ளை மின்னல்

என் சித்தப்பா மகளின் கல்யாண வரவேற்பு பட்டாபிராமில், சி.டி.எச். சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. பழைய மண்டபம். மேடைக்கு மேலே வரிசையாகக் குண்டு பல்புகள், இரு பக்கமும் ஆளுயரக் குத்துவிளக்கு, பின்னால் சாமந்திச் சரமும் மஞ்சள் சீரியல் செட்டும். அன்று வந்திருந்த யாரைக் கேட்டாலும் மேடை தங்கமாக ஜொலித்தது என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. மடியில் வைத்து முதல் பக்கத்தைத் திருப்பிய சித்தியின் முகம் வாடிவிட்டது. "ஏம்ப்பா, பொண்ணு முகம் ஏன் இப்படிச் சாம்பல் பூத்தாப்ல இருக்கு? பின்னாடி மட்டும் தீப்பிடிச்ச மாதிரி செக்கச்செவேல்னு இருக்கே?"

படம் எடுத்த தம்பியிடம் பேசினேன். தொழில் தெரிந்த பையன், உழைப்பிலும் குறை வைக்காதவர். "கம்ப்யூட்டர்ல எவ்வளவோ சரி பண்ணிப் பாத்துட்டேண்ணா. முகத்தைச் சரி பண்ணா பின்னாடி ஆரஞ்சு ஆயிடுது. பின்னாடியைச் சரி பண்ணா முகம் நீலம் பாயுது. ரெண்டும் ஒண்ணா வரமாட்டேங்குது."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. இரண்டும் ஒன்றாக வராது, வரவே வராது. இந்த அத்தியாயம் முழுவதும் அதற்கான காரணத்தைப் பற்றித்தான். அதற்கான மருந்து கம்ப்யூட்டரில் இல்லை, தீப்பெட்டி அளவுள்ள ஓர் ஆரஞ்சுத் தாளில் இருக்கிறது.

பட்டுப்புடவை எடுக்கப் போகும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் எத்தனை விளக்குகளின் கீழ் விரித்துக் காட்டினாலும், வீட்டுப் பெரியவர் ஒருவர் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்துவிடுவார். "வெயில்ல பாத்தாத்தான் நெஜக் கலர் தெரியும்" என்பார். இது மிகச் சரியான அறிவியல் சோதனை. புடவை தானாக எந்த நிறத்தையும் உண்டாக்குவதில்லை. தன்மேல் விழும் ஒளியில் சிலவற்றை விழுங்கி, சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய நீலம் 'எம்.எஸ். ப்ளூ' என்ற பெயரிலேயே நிலைத்துவிட்டது. அந்தப் புடவையைக் குண்டு பல்பின் கீழ் பிடித்தால் நீலம் மங்கிக் கறுப்பை நெருங்கும். திருப்பி அனுப்ப நீலம் வந்தால்தானே புடவை அனுப்பும்?

ஆனால் வெள்ளை வேட்டி? அது வெயிலிலும் வெள்ளை, குண்டு பல்பின் கீழும் வெள்ளை. அளவுகருவியை வைத்துப் பார்த்தால் பல்பின் கீழ் அந்த வேட்டி அனுப்பும் ஒளி நல்ல ஆரஞ்சு. நமக்கு அப்படித் தெரிவதில்லை. விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. அறையில் சிவப்பும் மஞ்சளும் மிகுந்தால், அவற்றைப் பிடிக்கும் செல்கள் தங்கள் கூர்மையைக் குறைத்துக்கொள்கின்றன. நீலத்தைப் பிடிப்பவை காதைத் தீட்டிக்கொள்கின்றன. ஜெர்மன் உடலியலாளர் ஃபான் கிரீஸ் 1902இல் இதற்கு ஒரு கணக்கு முறையைச் சொன்னார். இன்றைய கேமராவின் 'ஒயிட் பேலன்ஸ்' கிட்டத்தட்ட அதே கணக்குதான். திருவானைக்காவலில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் தம் கடைசிக் காலத்தில் கண்ணும் நிறமும் பற்றிய ஆய்விலேயே மூழ்கியிருந்தார். 1968இல் பார்வையின் உடலியல் பற்றித் தனி நூலே எழுதினார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பெற்றவர் எண்பதாவது வயதில் அதைப் பற்றி எழுதினார் என்றால், பொருள் எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்.

கண் செய்வதைக் கேமரா செய்யும். ஆனால் ஒரு முறைதான், படம் முழுமைக்கும் ஒரே மாதிரிதான். இந்த அறையின் வெளிச்சம் இவ்வளவு மஞ்சள் என்று ஒரு எண்ணை அது வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் திருத்துகிறது. அறையில் ஒரே வகை வெளிச்சம் இருக்கும்வரை இதில் சிக்கலே இல்லை. என் தங்கையின் மேடையில் இரண்டு வகை இருந்தது.

முதலாவது, பல்பு. குண்டு பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. மின்சாரம் பாய்ந்ததும் அது பழுக்கக் காய்ந்து ஒளிர்கிறது. கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் கருஞ்சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், இன்னும் ஊதினால் வெண்மை. எந்த உலோகமாக இருந்தாலும் சூட்டுக்கும் நிறத்துக்கும் உள்ள இந்த உறவு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் ஒளியின் நிறத்தை வெப்பநிலையாகவே சொல்கிறோம், கெல்வின் அளவில். எண்ணெய் விளக்கின் சுடர் சுமார் 1,900 கெல்வின். வீட்டுக் குண்டு பல்பு 2,700 முதல் 2,800. வீடியோக்காரர்கள் முன்பெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, மணப்பெண்ணை வியர்க்க விட்ட அந்த ஹாலஜன் லைட், அது 3,200. நடுப்பகல் வெயில் 5,500. மேகமூட்டமான வானம் 6,500ஐத் தாண்டும். சூடு ஏற ஏற ஒளி நீலத்தின் பக்கம் நகர்கிறது. பேச்சு வழக்கில் நாம் நீலத்தைக் குளிர்ச்சி என்றும் மஞ்சளைச் சூடு என்றும் சொல்வது இதற்கு நேர் எதிர். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இங்கே ஒரு முறை தடுமாறுவார்கள். தடுமாறினால் கவலை வேண்டாம்.

இந்த உறவுக்குக் கணிதம் கொடுத்தவர் மாக்ஸ் பிளாங்க், 1900ஆம் ஆண்டு, பெர்லினில். அவருடைய சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 5,500 கெல்வின் ஒளியில் சிவப்பு 100 பங்கு என்றால் நீலமும் ஏறக்குறைய 100 பங்கு. 2,800 கெல்வினில் சிவப்பு 100க்கு நீலம் 19 பங்குதான். ஐந்தில் ஒன்றுகூட இல்லை. எம்.எஸ். ப்ளூ கறுத்துப்போவதற்கு இதுதான் கணக்கு.

இரண்டாவது, ஃபிளாஷ். அதற்குள் இழை கிடையாது. ஒரு கண்ணாடிக் குழாயில் செனான் வாயு. பக்கத்தில் சில நூறு வோல்ட்டுக்கு ஏற்றி வைத்த மின்தேக்கி. பொத்தானை அழுத்தியதும் சேமித்த மின்சாரம் முழுவதும் வாயுவின் வழியே பாய்ந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1930களில் வளர்த்தெடுத்த கருவி இது. இதன் நிறம் 5,500 முதல் 6,000 கெல்வின். தற்செயல் அல்ல, பகல் வெளிச்சத்துக்கென்று தயாரான கலர் பிலிமுக்குப் பொருந்த வேண்டும் என்றே அப்படி அமைத்தார்கள். ஆக, உங்கள் கேமராவின் மேல் உட்கார்ந்திருப்பது ஒரு சின்ன மத்தியான வெயில்.

இப்போது மேடைக்கு வாருங்கள். கேமராவிலிருந்து மணமக்கள் 2 மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். பின்னணி அலங்காரம் 6 மீட்டர் தொலைவில். ஃபிளாஷ் ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். மூன்று மடங்கு தூரம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. முகத்தில் மத்தியான வெயில். பின்னணியில் குண்டு பல்பு. கேமரா தானாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? நடுவில் ஏதோ ஒன்றை, 4,000 பக்கமாக, எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னணி மிகவும் ஆரஞ்சு, முகம் சற்று நீலம். நலங்கு வைத்து மஞ்சள் பூசிக் குளித்த முகம் அது. மஞ்சளும் நீலமும் ஒன்றை ஒன்று அழிக்கும் நிறங்கள். மஞ்சள் மேல் நீலச் சாயல் ஏறினால் மிஞ்சுவது சாம்பல். சித்தி பார்த்தவுடன் சரியாகச் சொல்லிவிட்டார்.

இதில் இன்னொரு கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. எங்கள் வீட்டில் 1980களின் கல்யாண ஆல்பங்களும் இருக்கின்றன. அதே மாதிரி பல்புகள், அதே மாதிரி ஃபிளாஷ். அவற்றில் ஏன் இந்தக் கோளாறு இல்லை? எடுத்துப் பார்த்தேன். முகங்கள் வெளுத்திருக்கின்றன, பின்னால் ஒரே இருட்டு. அந்தக் காலத்தில் புழங்கியது 100 ஐ.எஸ்.ஓ. பிலிம். ஒளியை உணரும் திறனைச் சொல்லும் எண் அது, எண் சிறிது என்றால் திறனும் குறைவு. பல்பு வெளிச்சம் அதில் பதியவே இல்லை. ஃபிளாஷ் மட்டும்தான் பதிந்தது. இருட்டுக்கு நிறமில்லை. அதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளைக் காலத்தில், உதகையில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம் நம் ஸ்டுடியோக்களில் ஓடிய நாட்களில், இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிஜிட்டல் கேமரா 1,600, 3,200 ஐ.எஸ்.ஓ.வை எளிதாக்கிய பிறகுதான் மண்டபத்தின் வெளிச்சம் படத்துக்குள் நுழைந்தது. மண்டபத்தின் அழகும் அதோடுதான் நுழைந்தது. இரண்டு வெளிச்சங்களின் சண்டை அந்த அழகோடு வந்த செலவு.

சண்டையைத் தீர்க்க மண்டபத்தின் அத்தனை பல்புகளையும் மாற்ற முடியாது. ஃபிளாஷ் நம் கையில் இருக்கிறது. அதை மாற்றலாம். பல்பில் இருப்பதுபோல் நீலத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் ஃபிளாஷும் குண்டு பல்புதான்! இதைச் செய்யும் தாளைத்தான் ஜெல் என்கிறோம். ஒரு காலத்தில் சாயமேற்றிய ஜெலட்டினால் செய்த தாள் என்பதால் வந்த பெயர். ஈரம் பட்டால் கரையும், சூடு பட்டால் சுருளும். இன்று வருவது பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் தாள். பெயர் மட்டும் பழையது. நமக்கு வேண்டிய ஆரஞ்சுத் தாளுக்கு வழக்கில் சி.டி.ஓ. என்று பெயர், 'கலர் டெம்பரேச்சர் ஆரஞ்சு' என்பதன் சுருக்கம். ஃபுல், ஹாஃப், குவார்ட்டர் என்று கனம் மாறி மாறி வரும்.

எந்த ஃபிளாஷுக்கு எந்தத் தாள்? இங்கே கெல்வின் கணக்கு கைகொடுக்காது. 500 கெல்வின் வித்தியாசம் என்பது எங்கும் ஒரே அளவு வித்தியாசம் இல்லை. 2,700க்கும் 3,200க்கும் நடுவில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். 6,000க்கும் 6,500க்கும் நடுவில் தேடினால்தான் தெரியும். அதனால் ஒளியியலாளர்கள் எண்ணைத் தலைகீழாக்கினார்கள். பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் கிடைப்பது 'மைரெட்'. 5,500 கெல்வின் 182 மைரெட். 2,800 கெல்வின் 357 மைரெட். முதலில் சொன்ன இரண்டு இடைவெளிகளை இதில் அளந்தால் ஒன்று 58, இன்னொன்று 13. கண் சொல்வதும் அதுதான்.

மைரெட்டின் உண்மையான அழகு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஜெல் எந்த விளக்கின் மேல் போட்டாலும் ஒரே அளவு மைரெட்டைத்தான் கூட்டும். ஏன் அப்படி? ஜெல் செய்வது ஒரு பெருக்கல்: வரும் நீலத்தை, சிவப்போடு ஒப்பிட்டால், இத்தனையில் ஒரு பங்காக்கு. பிளாங்க் சூத்திரத்தில் நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதம், வெப்பநிலையின் தலைகீழை அடுக்காக ஏற்று மாறுகிறது. அடுக்குகளின் உலகில் பெருக்கல் கூட்டலாகிவிடும் என்பதை மடக்கை படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். அதனால் ஒளியில் நடக்கும் பெருக்கல், மைரெட்டில் வெறும் கூட்டலாகிறது. பிளாங்கின் கணிதம் மளிகைக் கடைக் கணக்காகச் சுருங்கி ஒரு போட்டோகிராபரின் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்த இடம் இது. எனக்கு இதைப் படித்த நாளில் ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் போகவில்லை.

கணக்குப் போடுவோம். பல்பு 357, ஃபிளாஷ் 182, வித்தியாசம் 175. இங்கிலாந்தின் லீ கம்பெனியின் ஃபுல் சி.டி.ஓ., அதாவது 204ஆம் எண் தாள், 159 மைரெட்டைக் கூட்டும். 182உடன் 159, மொத்தம் 341. கெல்வினில் சொன்னால் சுமார் 2,930. பல்பின் பக்கத்தில் வந்துவிட்டோம். அதே கம்பெனியின் ஹாஃப் 109, குவார்ட்டர் 64. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 173. நமக்கு வேண்டியது 175! பாதியும் காலும் சேர்ந்து முழுசைத் தாண்டிவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். பெயர்கள் தோராயமானவை. அமெரிக்காவின் ராஸ்கோ கம்பெனியில் ஃபுல் 167, ஹாஃப் 81, குவார்ட்டர் 42. ஒரு கம்பெனியின் அரை இன்னொரு கம்பெனியின் அரை அல்ல. ஆகவே தாள் வாங்கும்போது பெயரைக் கேட்காதீர்கள், மைரெட் எண்ணைக் கேளுங்கள். அது இல்லாத தாளை நான் வாங்குவதில்லை.

பூக்கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் ஆரஞ்சுக் கண்ணாடிப் பேப்பர் உதவாதா என்று கேட்பவர்கள் உண்டு. முயன்று பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆரஞ்சுதான். ஆனால் இரண்டு தாள்கள் ஒரே நிறமாகத் தெரிவதும், இரண்டும் ஒரே ஒளியை வடிகட்டுவதும் வேறு வேறு. கண்ணாடிப் பேப்பர் நீலத்தை அடியோடு வெட்டிவிடுகிறது. பச்சையைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. படத்தில் முகம் பூசணிப் பழமாகிறது. நல்ல ஜெல் நீலத்தைக் குறைக்கும், ஒழிக்காது. ஐந்தில் ஒன்றை விட்டுவைக்கும். எம்.எஸ். ப்ளூ பிழைப்பது அந்த ஐந்தில் ஒன்றால்.

ஜெல்லுக்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். ஃபுல் சி.டி.ஓ. வழியாக ஏறக்குறைய 55 விழுக்காடு ஒளிதான் வெளியே வரும். தூரத்தில் சொன்னால், 8 மீட்டர் எட்டிய ஃபிளாஷ் இனி 6 மீட்டர்தான் எட்டும். மண்டபத்துக்குள் இது பெரிய இழப்பில்லை. வெட்டுப்பட்ட நீலம் எங்கும் மறைந்துவிடவில்லை. தாளில் சூடாகத் தங்குகிறது. மேடையில் ஆட்கள் வரிசை கட்டி ஏறும் நேரத்தில் நிறுத்தாமல் ஃபிளாஷ் அடித்தால், முகப்புக் கண்ணாடியோடு ஒட்டிய ஜெல் நடுவில் வெளுத்து நெளிவதைப் பார்க்கலாம். ஒரு விரல் இடைவெளி விட்டு ஒட்டினால் தாள் நீடிக்கும்.

தங்கைக்கு வளைகாப்பு வந்தது. இந்த முறை வீட்டில்தான், பட்டாபிராமில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில். முந்தின நாள் மாலை அதே போட்டோகிராபர் தம்பியை வரச் சொன்னேன். கூடத்தில் பழைய ஹோல்டரில் ஒரு 60 வாட் குண்டு பல்பு, மூலையில் ஏற்றிய குத்துவிளக்கு, கொடியில் சித்தப்பாவின் வெள்ளை வேட்டி. தங்கை நாற்காலியில். கேமரா 1,600 ஐ.எஸ்.ஓ., லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு.

ஷட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிளாஷ் கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடுவதால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் முகத்தில் விழும் ஃபிளாஷ் மாறாது. மாறுவது அறையின் வெளிச்சம்தான். இருநூறில் ஒரு பங்கு வைத்தால் கூடம் இருண்டுவிடும். அறுபதில் ஒரு பங்குக்கு இறக்கினால் கூடம் படத்துக்குள் வரும். நம் போட்டோகிராபர்கள் பலர் பழக்கத்தில் இருநூறிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்தப் படங்களில் கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்றே தெரியாது.

முதல் படம், ஜெல் இல்லாமல், ஒயிட் பேலன்ஸை ஃபிளாஷ் குறியில் வைத்து. தங்கையின் முகம் சரி. பின்சுவரும் வேட்டியும் காவி. இரண்டாவது, ஜெல் இல்லாமல், குண்டு பல்புக் குறியில் வைத்து. சுவர் சுண்ணாம்பு வெள்ளைக்கு வந்துவிட்டது, வேட்டி வேட்டியாகிவிட்டது. தங்கை மட்டும் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது, ஹாஃபும் குவார்ட்டரும் ஒட்டி, அதே குண்டு பல்புக் குறி. தம்பி திரையைப் பார்த்தார். பெரிதாக்கி முகத்தைப் பார்த்தார், நகர்த்தி வேட்டியைப் பார்த்தார், திரும்ப முகத்துக்கு வந்தார். "ஃபிளாஷ் அடிச்ச மாதிரியே தெரியலையேண்ணா!"

அதுதான் வேண்டியது. முகம், வேட்டி, சுவர் மூன்றும் ஒரே அறையில் இருந்தன.

கேமராவின் குண்டு பல்புக் குறி 3,200 கெல்வினுக்கு அமைத்தது. கூடத்தின் பல்பு 2,800. அந்தச் சிறு வித்தியாசம் படம் முழுவதும் மெல்லிய மஞ்சளாகத் தங்குகிறது. எண்ணை மாற்றி அதையும் துடைத்துவிடலாம். தம்பி துடைக்கத்தான் போனார், நான் தடுத்தேன். மாலை நேரத்து வீடு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். சுவரைத் துவைத்த வெள்ளையாக்கினால் அது ஸ்டுடியோ ஆகிவிடும், சித்தப்பாவின் கூடம் ஆகாது. குத்துவிளக்குச் சுடரோ 1,900 கெல்வின், 526 மைரெட். எந்தத் திருத்தத்துக்கும் அகப்படாமல் அது ஆரஞ்சாகவே நிற்கும். நிற்கட்டும். சுடரை வெள்ளையாக்கிக் காட்டும் படத்தை நான் நம்பமாட்டேன்.

சினிமாக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். பிலிம் காலத்தில் டங்ஸ்டன் விளக்குக்கென்று 3,200 கெல்வின் பிலிம் தனியாக வந்தது. அதை வெயிலில் எடுத்துப் போனால் லென்ஸுக்கு முன் 85ஆம் எண் ஆரஞ்சு வடிகட்டி. அறைக்குள் டங்ஸ்டன் விளக்கில் எடுக்கும்போது ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் நீலமாக வந்து விழுந்தால், ஜன்னல் முழுவதையும் ஆரஞ்சுத் தாளால் மூடிவிடுவார்கள். நாம் ஃபிளாஷுக்குச் செய்ததை அவர்கள் சூரியனுக்கே செய்தார்கள். 'மூன்றாம் பிறை'யில் பாலு மகேந்திராவும் 'நாயகன்' படத்தில் பி.சி. ஸ்ரீராமும் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார்கள். இருவரின் படங்களிலும் விளக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பாருங்கள். அறைக்குள் இருக்கும் ஜன்னலிலிருந்தோ விளக்கிலிருந்தோதான் வெளிச்சம் வருவதாக நம் கண் ஏற்றுக்கொள்ளும். நல்ல ஒளியமைப்பின் அடையாளம் எனக்கு அதுதான்.

எல்லா இடத்திலும் ஆரஞ்சுத் தாளை ஒட்டிவிடாதீர்கள். பட்டாபிராமின் தெருக்களில் மாலை ஏழு மணிக்கு நடந்தால் ஜன்னல்களில் பெரும்பாலும் வெள்ளைதான். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு எல்.இ.டி. பல்பு வீடு வீடாக வந்துவிட்டது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் நோபல் பெற்றது 2014இல். அந்த நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைத் தடவினால் வெள்ளை. நம் ஊரில் அதிகம் விற்பது 'கூல் டேலைட்' வகை, டப்பாவின் மேலேயே 6,500 கெல்வின் என்று அச்சடித்திருக்கும். அந்த அறையில் ஃபிளாஷை வெறுமனே அடியுங்கள், போதும். 'வார்ம் ஒயிட்' என்று 3,000 போட்டிருந்தால் மட்டும் ஃபுல் சி.டி.ஓ.

டியூப் லைட் வேறு வழக்கு. அதற்குள் பாதரச ஆவி. 546 நானோமீட்டரில் பச்சையாக ஒரு கூர்முனை அதன் ஒளியில் நீட்டிக்கொண்டிருக்கும். கண் கண்டுகொள்ளாது, கேமரா விடாது. அதற்கு ஈடாக ஃபிளாஷில் வெளிர்பச்சைத் தாள் ஒட்டவேண்டும். மேடைகளில் நிறம் மாறி மாறி எரியும் எல்.இ.டி. பார் லைட்டுகளுக்கோ எந்த ஜெல்லும் கிடையாது. அவற்றின் ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒல்லியான பட்டைகள் மட்டுமே. இல்லாத நிறங்களை எந்தத் தாளாலும் கொடுக்க முடியாது. தாலி கட்டும் நேரத்திலாவது அவற்றை அணைக்கச் சொல்லி லைட்காரரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே வழி. விடிகாலை முகூர்த்தத்தில் ஜன்னலுக்கு வெளியே வானம் கருநீலமாகவும் உள்ளே பல்பு மஞ்சளாகவும் இருக்கும். அந்த நீலத்தைத் தொடாதீர்கள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று படத்தில் சொல்வது அதுதான்.

வளைகாப்புப் படங்களைச் சித்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கன்னத்தில் சந்தனம் சந்தனமாக, கை நிறையக் கண்ணாடி வளையல் பச்சையும் சிவப்புமாக. நிறத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. யார் யார் வரவில்லை என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் விசேஷம் வருகிறதா? போட்டோகிராபரை ஏற்பாடு செய்யும்போது ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பீர்கள். கூடவே ஆரஞ்சு ஜெல் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அன்று மாலை கூடத்தில் ஒரே வகை விளக்கு எரியட்டும்: மஞ்சள் என்றால் மஞ்சள், வெள்ளை என்றால் வெள்ளை. குண்டு பல்பும் டியூப் லைட்டும் இருந்தால் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். குத்துவிளக்கை மட்டும் யாராவது அணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.